வாசலில் வேம்பா, தொட்டியில் பாலைவன ரோஜாவா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடுநிலையான கட்டுரை இல்லை. நடுநிலை வேண்டும் என்பவர்கள் நர்சரிக்காரரிடம் போய்க் கேளுங்கள். அவர் இரண்டையும் விற்பார் :-)

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் புது வீடு கட்டுகிற பலரும் இப்போது ஒரே மாதிரி மூன்று காரியம் செய்கிறார்கள். மனையில் நின்ற வேப்பமரத்தை வெட்டுவது. முன்வாசல் முழுக்க மண் தெரியாமல் பேவர் பிளாக் பதிப்பது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் தொட்டியில் அடினியம் வைப்பது.

அடினியம் தெரியாதவர்களுக்கு: அடிப்பகுதி பானை வயிறு மாதிரி உப்பியிருக்கும், மேலே குச்சி குச்சியாகக் கிளை, நுனியில் ரோஸ் கலர் பூ. 'பாலைவன ரோஜா' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். (ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்ம அரளிக்குத்தான் சொந்தக்காரன்.) ஏமன் நாட்டு ஏடன் துறைமுகம் இருக்கிறதே, அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் அடினியம் என்ற பெயரே வந்தது. அரேபியாவின் தெற்கு, சோமாலியா, கென்யா, சகாராவுக்குத் தெற்கே செனகல் வரைக்கும் உள்ள வறண்ட பூமிதான் அதன் சொந்த ஊர்.

ஏன் மரத்தை வெட்டிவிட்டு இதை வைக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "நம்ம ஊரு தண்ணியில்லாத காடு தம்பி. இங்க இதுதான் லாயக்கு. தண்ணி கேக்காது, குப்பை போடாது, வேர் செவுத்தை ஒடைக்காது."

மூன்று காரணம், ஒரு முன்னுரை. முன்னுரையிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நம்ம ஊர் பாலைவனமா?

'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்' என்று சினிமா வில்லன்கள் மிரட்டி மிரட்டி நாமே நம்பிவிட்டோம். கணக்கைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். எப்போதும் குடையோடு அலைகிற லண்டனில் 600 மில்லிமீட்டர் சுமார்தான். வருடத்துக்கு 250 மில்லிமீட்டருக்கும் கீழே பெய்கிற இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். நமக்குப் பெய்வது அதைப் போல மூன்று மடங்கு.

அப்புறம் ஏன் குடத்தோடு அலைகிறோம்? பெய்கிற மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி மாதங்களில் வெயில் உறிஞ்சிவிடுகிறது. பெய்யும்போது பிடித்து வைத்துக்கொள்ளாததுதான் நம்ம நோய்.

இந்த நோய்க்கு எந்தச் செடி மருந்து? அடினியம் தண்ணீரைத் தன் வயிற்றில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாலைவனத்தில் அது புத்திசாலித்தனம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வயிறு அதற்கு மட்டும்தான் உதவும், உங்களுக்கு இல்லை. வேம்பு வேரை ஆழமாக இறக்கும். மழைக்காலத்தில் மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரைக் கோடையில் மேலே இழுத்து இலை வழியாக ஆவியாக்கும். மரத்தடிக் குளிர்ச்சியின் ரகசியம் அதுதான். தகரக் கொட்டகையும் நிழல்தான் தரும், ஆனால் தகரமே சூடேறி நம்மேல் அனலை இறக்கும். இலை அப்படிச் செய்யாது.

இன்னொரு வேடிக்கை. 'நம்ம மண்ணுக்கு ஏற்ற செடி' என்று சொல்லப்படும் அடினியத்தை நம்ம கரிசல் மண்ணில் நேராக நட்டுப் பாருங்கள். கரிசல் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் மண். ஒரு அடைமழை வாரத்தில் அந்தப் பானை வயிறு அழுகிப் போய்விடும். அதனால்தான் தொட்டி, மணல், தென்னைநார்க் கழிவு எல்லாம் தேவைப்படுகிறது. நம்ம மண்ணில் நிற்க முடியாத செடி எப்படி ஐயா நம்ம மண்ணுக்கு ஏற்ற செடி?

1. 'தண்ணி கேக்காது'

பி.காம். படிக்கிறவனிடம் செலவைப் பற்றிப் பேசினால் லெட்ஜர் போடாமல் விட மாட்டான். போட்டுப் பார்ப்போம்.

கேட் ஓரத்தில் ஐந்து தொட்டி. அடினியம் தண்ணீர் இல்லாமல் சாகாது என்பது உண்மை. ஆனால் ரொம்பக் காயவிட்டால் இலையைக் கொட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும். அதைப் பார்க்கவா காசு கொடுத்து வாங்கினோம்? பூ வேண்டுமென்றால் நம்ம வெயிலில் தொட்டிக்கு இரண்டு நாளைக்கு ஒரு லிட்டராவது ஊற்ற வேண்டும். மழை மாதம் மூன்றைக் கழித்துவிடுவோம். மீதி ஒன்பது மாதத்துக்குத் தொட்டிக்கு 135 லிட்டர். ஐந்து தொட்டிக்கு 675 லிட்டர். வருடா வருடம், செடி இருக்கும்வரை.

ஒரு வேப்பங்கன்று. வாரம் இரண்டு தடவை பத்துப் பத்து லிட்டர், அதே ஒன்பது மாதம். வருடத்துக்கு 780 லிட்டர். இரண்டு வருடம் தாராளமாக ஊற்றினால் 1,560 லிட்டர். அதோடு உங்கள் வேலை முடிந்தது. வேர் கீழே போய்விட்டால் அதன் பிழைப்பை அது பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது வருட முடிவில் தொட்டிகள் குடித்தது 2,025 லிட்டர். மரம் குடித்தது 1,560 லிட்டர். பத்தாவது வருடத்தில் தொட்டிகள் 6,750. மரம் அதே 1,560. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளுக்குக் காத்துக் கிடக்கிற ஊரில் எது சிக்கனம்? நான் போட்ட அளவைப் பாதியாக்குங்கள், இரண்டு மடங்காக்குங்கள். ஒன்று காலம் முழுக்க ஓடும் செலவு, மற்றது ஒரு தடவை போடும் முதல் என்பது மாறாது.

முதல் பற்றியும் ஒரு வார்த்தை. வயிறு பெருத்த ஒட்டு அடினியம் ஆயிரக்கணக்கில் விற்கிறது. வேப்பங்கன்று பெரிய மரத்தடியில் தானாக முளைத்துக் கிடக்கிறது. மழைக்குப் பிறகு பிடுங்கி நட்டால் போதும். ஓசியில் கிடைப்பதற்கு மரியாதை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

2. 'குப்பை போடாது'

இதை நான் கிண்டல் செய்ய மாட்டேன், இது நிஜமான புகார். மாசி மாதம் வேம்பு இலை உதிர்க்கும். அடுத்து பூ கொட்டும், அதற்கடுத்து பழம் கொட்டும். வாசல் பெருக்குவது யார்? வீட்டிலிருக்கிற அம்மா, அக்கா, மதினி. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, டப்பா கட்டி, தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ பஸ் பிடிக்க ஓடுகிறவரிடம் 'இரண்டு கூடை சருகையும் அள்ளிட்டுப் போ' என்றால் அவர் மரத்தை வெட்டத்தான் சொல்வார். நியாயம்தான்.

ஆனால் அதற்கு மருந்து கோடரி இல்லை. வீட்டில் இருக்கிற ஆம்பளைகள் விளக்குமாறைத் தொட்டால் போதும். நிழலில் கட்டில் போட்டுப் படுக்கிறவர் யாரோ அவரே பெருக்கட்டும். இதைச் சொன்னால் மட்டும் பல அண்ணாச்சிமார் பேச்சை மாற்றிவிடுகிறார்கள் :-)

மேலும், குப்பை என்று எதைச் சொல்கிறீர்கள்? காய்ந்த வேப்பிலையைப் பயறுக்கும் உளுந்துக்கும் நடுவில் போட்டு வைத்தால் வண்டு அண்டாது என்று நம்ம பாட்டிகளுக்குத் தெரியும். பருப்பு வியாபாரத்தில் பெயர் எடுத்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பூ சித்திரை முதல் நாள் பச்சடிக்கு. முத்து பொறுக்கினால் கடையில் காசு. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற புண்ணாக்கும் உரம். அமெரிக்கக் கம்பெனி ஒன்று வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்த ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கிவிட்டது என்று பத்து வருடம் வழக்காடி, 2005-ல் அதை ஒரேயடியாக ரத்து செய்ய வைத்த தேசம் நாம். அங்கே போய் 'எங்கள் வேம்பு' என்று மல்லுக்கட்டிவிட்டு, இங்கே வந்து குப்பை என்கிறோம்.

அடினியம் குப்பை போடாது, சரி. ஆனால் அதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் வேட்டை அம்பின் நுனியில் தடவியது அந்தப் பாலைத்தான். கிளை வெட்டினால் கையைக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் கடித்துவிடாமல் பாருங்கள். நர்சரியில் இதைச் சொல்லி விற்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

3. 'வேர் செவுத்தை ஒடைக்காது'

மூன்றில் கனமான வாதம் இதுதான். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். கோடையில் வயக்காட்டு வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த மண்மேல் சரியான அஸ்திவாரம் இல்லாமல் கட்டினால் சுவர் வெடிக்க மரமே வேண்டாம், மண்ணே போதும். அதே சமயம், சுவரை ஒட்டி மரம் இருந்தால் அது கோடையில் அந்த இடத்து ஈரத்தை இழுத்துச் சுருக்கத்தை அதிகமாக்கும் என்பதும் உண்மை.

ஆக, சுவரை ஒட்டி நடாதீர்கள். காம்பவுண்டின் மூலையில் நடுங்கள், தெருவோரம் நடுங்கள். மேற்குப் பக்கம் இடம் இருந்தால் ரொம்ப நல்லது, பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் சுவரைச் சுடுகிறது. மின்கம்பி போகிற பக்கம் வேண்டாம், லைன்மேன் வந்து வருடா வருடம் பாதி மரத்தை வெட்டிப் போவார். எங்கே நடுவது என்ற கேள்வியை நடவே கூடாது என்று மாற்றுவதுதான் ஏமாற்று வேலை.

இரண்டு சென்ட் மனை, மூலையே இல்லை என்பவர்கள் வாசலில் ஒரு கறிவேப்பிலையோ மாதுளையோ வையுங்கள். தெருவுக்கு இரண்டு வேம்போ புங்கையோ பூவரசோ பொதுவாக நடுங்கள். நிழல் பட்டா பார்த்து விழாது.

சித்திரையில் தலைக்கு மேல்

விருதுநகர் ஏறக்குறைய ஒன்பதரை டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை நடுப்பகலில் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அதில் ஒன்று ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கிற அதே நாட்களில். உச்சி வேளையில் நம்ம நிழல் நம்ம காலடியிலேயே காணாமல் போகும்.

வேம்பின் காலண்டரை இதோடு ஒட்டிப் பாருங்கள். மாசியில் உதிர்த்து, பங்குனியில் செந்தளிர் விட்டு, சித்திரைக்கு முழுக் குடை விரித்துப் பூத்து நிற்கும். வெயில் உச்சிக்கு வரும்போது நிழலும் உச்சத்தில் இருக்கிற மரத்தை நம்ம முன்னோர் தெருவுக்குத் தெரு வைத்தார்கள் என்றால் அதில் மூடநம்பிக்கை மட்டுமா இருக்கிறது? அடினியமும் வெயிலில் நன்றாகப் பூக்கும், மறுக்கவில்லை. அதன் நிழலில் ஒரு கோழிக்குஞ்சு கூட ஒண்ட முடியாது.

நிழல் என்பது இந்தப் பகுதியில் சொகுசு இல்லை. பட்டாசு ஆலைகளில் மருந்து புழங்குகிற அறைகளுக்குள் மின் இணைப்பு கிடையாது, ஆகவே ஃபேனும் கிடையாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தச் சின்ன அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்களுக்கு வெயில் என்றால் என்னவென்று நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் ஒரு வரியைக் கவனித்திருப்பார்கள்: 'விதியை மீறி மரத்தடியில் வைத்துப் பட்டாசு தயாரித்தனர்'. அது சட்ட விரோதம், உயிருக்கு ஆபத்து, ஒரு நாளும் நியாயப்படுத்த முடியாது. அதற்கு அறையில் இடம் பத்தாதது, ஆர்டர் அவசரம் என்று பல காரணம் உண்டு. ஆனாலும் வேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் மனுசன் போய் உட்காருகிற இடம் மரத்தடி. நிழலுக்கு அப்படி ஒரு தேவை இங்கே இருக்கிறது.

அந்த ஆளுக்குச் சாயங்காலம் வீட்டு வாசலிலாவது அது கிடைக்க வேண்டாமா? பகல் முழுக்கச் சூடு குடித்த பேவர் பிளாக் ராத்திரி பத்து மணி வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் வெளியே வந்து உட்காரக்கூட முடியாது. கேட்டில் பூ மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அரேபியாக்காரன் என்ன நட்டான்?

அடினியத்தின் சொந்த பூமியில் மனிதர்களுக்கு நிழல் தேவைப்பட்டபோது அங்குள்ளவர்கள் என்ன செய்தார்கள்?

மெக்காவுக்குப் பக்கத்தில் அரஃபாத் சமவெளி. ஹஜ் யாத்திரையில் லட்சக்கணக்கானவர்கள் ஒரு பகல் முழுக்க வெட்டவெளியில் கூடுகிற இடம். அங்கே நிழலுக்காக 1980களில் சுமார் 50,000 மரங்கள் நட்டார்கள். என்ன மரம்? வேம்பு. நம்ம வேப்பமரம்! மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை. நைஜர் நாட்டின் மஜியா பள்ளத்தாக்கில் 1970களில் மணல் காற்றைத் தடுக்க வரிசை வரிசையாக வேம்பு நட்டார்கள். நைஜீரியாவில் ஹௌசா மொழியில் வேம்புக்கு 'டோகன் யாரோ' என்று செல்லப் பெயரே உண்டு. நெட்டைப் பையன் என்று அர்த்தம்.

கதையைச் சுருக்கினால்: பாலைவனக்காரர்கள் தங்கள் ஊர்ச் செடியை விட்டுவிட்டு நம்ம மரத்தைக் கொண்டுபோய் நட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் நம்ம மரத்தை வெட்டிவிட்டு அவர்கள் ஊர்ச் செடியைத் தொட்டியில் வைத்து, 'வறண்ட ஊருக்கு இதுதான் லாயக்கு' என்கிறோம். என்ன கொடுமை சார் இது!

ஏற்கெனவே ஒரு தடவை

'வறண்ட பூமிக்கு வறண்ட நாட்டுச் செடி' என்ற இந்தத் தர்க்கம் புதிதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தை விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று இதே தர்க்கத்தில்தான் பரப்பினார்கள். அது விறகும் கொடுத்தது, திருச்சுழி, நரிக்குடி பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குப் பிழைப்பும் கொடுத்தது. கூடவே கண்மாய், வரத்துக்கால், தரிசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 2017-ல் அதை வெட்ட உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டி வந்தது.

அடினியம் அப்படிப் பரவாது. அந்தப் பழியை அதன் தலையில் நான் போடவில்லை. நான் சொல்வது நம்ம யோசனை முறையைப் பற்றி. ஊரைப் பார்த்து 'இது ஒன்றுக்கும் ஆகாத காடு' என்று முடிவு கட்டிவிட்டால், எதற்கும் ஆகாத செடிதான் பொருத்தமாகத் தெரியும்.

என்ன செய்யலாம்?

புரட்டாசி கடைசியில், முதல் நல்ல மழை விழுந்ததும் குழி எடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி போதும். மழைக்காலம் முழுக்க வானம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். ஆடு கடிக்காமல் முள் கட்டுங்கள். மரத்தைச் சுற்றி நாலடிக்காவது கல் பதிக்காமல் மண்ணை விடுங்கள், மழை இறங்க வேறு வழி இல்லை.

ஏற்கெனவே மரம் இருப்பவர்களுக்கு ஒன்று. சமீப வருடங்களில் மழைக்காலத்தை ஒட்டி வேம்பின் நுனிக் கிளைகள் கருகி, மரமே செத்தது போல நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை அது. பயந்துபோய் வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பங்குனிக்குள் திரும்பத் தளிர்த்துவிடும்.

வீட்டை நிழலுக்காகவும் கட்டுங்கள் மக்கா. வீடு காட்டுவதற்கு மட்டும் என்றால் ஐந்து தொட்டி போதும்.

டிஸ்கி: அடினியம் வளர்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மொட்டை மாடியில், வாடகை வீட்டில், மண்ணே இல்லாத பால்கனியில் அது அருமையான செடி, தாராளமாக வையுங்கள். மரத்தை வெட்டிய இடத்தில் வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.